நாட்டுக்கோப்பும் அப்பாவின் கண்களும்

விளையாட்டைப் பற்றிய பேச்சுக்கு இவ்விதழிலே இடமுண்டோ என்ற ஐயத்துடனேயே இக்கட்டுரையை எழுதத் தொடங்குகிறேன். இலக்கியம், வரலாறு, மொழியியல் எனக் கனதியான துறைகள் பேசப்படும் பக்கங்களில், இளைஞர் கணனியின் முன்னமர்ந்து இராப்பகலாக ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அவ்வாறு கருதுவோர் சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன். வரலாற்றைப் பற்றி நான் விரிவுரை மண்டபத்திலே கற்றவற்றுள் ஒரு பகுதியை, அவ்வாட்டத்தின் கோப்பொன்றை எழுதியபோதே முதன்முதலாக விளங்கிக்கொண்டேன். அதனை எனக்கு விளக்கியவர் விளையாட்டென்பதையே அறியாத என் தந்தையார்.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது நான் இரண்டாம் வருட மாணவன். பல்கலைக்கழகம் மூடப்பட, புத்தகப் பொதியும் மடிக்கணனியுமாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மாத்திரமே. அப்பா ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். முப்பத்து மூன்று வருடங்கள் வெவ்வேறு பாடசாலைகளிற் படிப்பித்தவர். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரிக்கும் கிளக்கோமா நோய் அவருக்கு இருப்பது அதற்கு மூன்று வருடங்களின் முன்னர்தான் தெரியவந்தது. கண்புரையாயின் சத்திரசிகிச்சையால் நீக்கி, இழந்த பார்வையை மீட்டுக்கொள்ளலாம். இந்நோயிலோ போனது போனதுதான். எஞ்சியிருப்பதைக் காப்பதற்கே மருந்து. இரண்டு வேளையும் தவறாது சொட்டுமருந்து விடுவதும், முன்பு வாசித்தவற்றை நினைவிலிருந்து மீட்டுச் சொல்வதுமாக அவருடைய நாட்கள் கழிந்துகொண்டிருந்தன.

நான் மேற்குறித்த ஆட்டம், சுவீடனிலே ஸ்ரொக்ஹோம் நகரத்துப் பரடொக்ஸ் நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ்’ வரிசையின் நான்காவது ஆக்கமாகும். வாளெடுத்து வெட்டுவதோ துவக்கெடுத்துச் சுடுவதோ இதிலே இல்லை. திரை முழுவதும் ஓர் உலகப்படம். அதிலே ஒரு நாட்டைத் தெரிந்துகொண்டு, வரி, வணிகம், மணவுறவு, படை, சமயம் யாவற்றையும் ஆட்டக்காரரே நடத்துதல் வேண்டும். ஆட்டம் 1444ஆம் ஆண்டு கார்த்திகை 11ஆம் திகதி, அதாவது நவம்பர் மாதத்திலே தொடங்கி 1821 வரை செல்லும். அத்திகதிக்குக் காரணமுண்டு. அதற்கு முந்திய நாளிலேதான் வர்ணாப் போரில் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அரசனாயிருந்தவன் துருக்கியரின் கையில் மடிந்தான். ஐரோப்பியருக்கு அது ஒரு திருப்புமுனை.

ஒரு மாலைப்பொழுதில் விறாந்தையிலிருந்து நான் ஆடிக்கொண்டிருக்கையில், அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தமர்ந்தார்.

“தம்பி, உது தேசப்படமே?”

“ஓம் அப்பா. 1444ஆம் ஆண்டுத் தேசப்படம்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எந்த மாதம்?” என்றார். சொன்னேன்.

“அப்ப செண்பகப் பெருமாள் வர இன்னும் ஆறு வருசம் கிடக்கு. கனகசூரியன் நல்லூரில இருக்கிறான். எங்க, இலங்கையைக் காட்டு பாப்பம்.”

வர்ணாவிலே தொடங்கிய ஆண்டை, ஒரு கணத்தில் நல்லூரிலே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இலங்கையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து, முகம் திரையிலே முட்டுமளவு குனிந்து பார்த்தார். “எழுத்தொண்டும் தெரியேல்லையடா” என்று சொல்லிக் கதிரையிற் சாய்ந்துகொண்டார். அன்றிரவே நான் இடைமுகத்தின் அளவை மாற்றும் வேலையிலே இறங்கினேன்.

*

இடைமுகம் என்பது ஆட்டத்துக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே நிற்கும் பலகைகள், பொத்தான்கள், எழுத்துக்கள் ஆகியவற்றின் தொகுதி. இவ்வகை ஆட்டங்களில் அவை பிக்சல் எனப்படும் திரைப்புள்ளிகளின் கணக்கிலே வரையப்படுகின்றன. ஓர் எழுத்து பதினாறு பிக்சல் உயரமெனின், எந்தத் திரையிலும் அது பதினாறு பிக்சல்தான். இதிலிருந்து ஒரு விநோதம் பிறக்கிறது. நான் முன்னர் வைத்திருந்த பழைய மடிக்கணனியின் திரை 1366 × 768 பிக்சல் கொண்டது. பல்கலைக்கழகம் புகுந்தபோது அண்ணா வாங்கித் தந்த புதியது 1920 × 1080. இரண்டும் 15.6 அங்குலத் திரைகளே. அதே பரப்பிலே கூடுதலான பிக்சல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொன்றும் சிறுத்து, பழைய கணனியிற் பத்துப் பங்கு உயரமாயிருந்த எழுத்துப் புதியதில் ஏறத்தாழ ஏழு பங்காகிவிடுகிறது. திரை துலக்கமடைய எழுத்துச் சிறுத்துப் போகிறது. இளங்கண்ணுக்கு வசதியானதே முதிய கண்ணுக்கு இடராகி விடுகிறது.

ஆட்டத்தின் பிற்பட்ட பதிப்புக்களில் இடைமுகத்தைப் பெருப்பிக்கும் வசதி சேர்க்கப்பட்டிருந்தது. முதலில் இரண்டு மடங்காக்கினேன். எழுத்துக்கள் பென்னம்பெரிதாயின. ஆனால் 1920 × 1080 திரையை இரண்டால் வகுத்தால் எஞ்சுவது 960 × 540 பிக்சலுக்கான இடமே. அவ்வளவு சிறிய இடத்துக்கென வரையப்படாத பலகைகள் திரையின் எல்லையைக் கடந்து வழிந்தன. கீழ்வரிசைப் பொத்தான்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. ஒன்றரை மடங்கு என்று வைத்தபோது 1280 × 720 கிடைத்தது. பலகைகள் அடங்கின. எழுத்தும் பழைய கணனியில் இருந்ததிலும் சற்றுப் பெரிதாகவே அமைந்தது. ‘நல்லது’ என்று எண்ணி அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்தார். எழுத்துத் தெரிகிறது என்றார். “திகதி எங்கை போட்டிருக்கு?” என்று கேட்டார். திகதி வலப்புற மேல்மூலையில், அது எப்போதும் இருக்கும் இடத்திலேதான் இருந்தது. கையால் தொட்டுக் காட்டிய பின்பே தலையைத் திருப்பி அதனைக் கண்டார்.

கிளக்கோமா நோயாளர் பலருக்குப் பார்வையின் ஓரங்களே முதலிற் போகின்றன. நடுப்பகுதி தெளிவாயிருக்கச் சுற்றுவட்டம் மங்கிக்கொண்டே வரும். மூங்கிற் குழாயினூடாகப் பார்ப்பது போன்றது அது. அத்தகையோருக்கு எழுத்தை வரம்பின்றிப் பெருப்பித்தல் உதவியாகாது. பெருத்த எழுத்துக்களில் ஒரு சிலவே ஒரு பார்வையில் அடங்கும். இதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. அப்பாவுக்கு எழுத்துச் சிறிதாயிருப்பதே குறை என்று எண்ணியிருந்தேன். மூலைகளெல்லாம் அவருக்கு இல்லாதொழிந்திருந்தன என்பதைத் திரையில் ஒரு திகதியைத் தேடியபோதுதான் கண்டுகொண்டேன். மூன்று வருடங்களாக அதே வீட்டிற்கு விடுமுறைக்கு வந்து போயிருக்கிறேன். வாசற்படியில் அவர் கதவுநிலையைத் தடவிக்கொண்டு இறங்குவதைக் கண்டிருக்கிறேன். வயது போய்விட்டது என்று மாத்திரம் நினைத்திருந்தேன்.

இடைமுகத்தின் பலகைகள் எங்கெங்கு நிற்க வேண்டுமென்பது ஆட்டத்தின் உட்கோப்புக்களில் எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. கிடைத்தூரம் இவ்வளவு, நிலைத்தூரம் இவ்வளவு, எந்த மூலையிலிருந்து அளப்பது என்றவாறு அவை அமையும். இரண்டு நாட்கள் முயன்று, திகதிப் பலகையைத் திரையின் மேல்நடுவுக்குக் கொண்டுவந்தேன். பார்ப்பதற்கு அவலட்சணமாகவே இருந்தது. அப்பா மாத்திரம் “இப்ப சரி” என்றார்.

*

இனி நாட்டுக்கோப்புக்கு வருவோம். இவ்வாட்டத்தை ஆக்கியோர் அதன் நாடுகளையும் அரசர்களையும் இரகசியக் குறியீடுகளுக்குள் பூட்டி வைக்கவில்லை. யாரும் திறந்து வாசிக்கத்தக்க வெறும் எழுத்துக்கோப்புக்களாகவே வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று ஆங்கில எழுத்துக்களில் ஓர் அடையாளம் உண்டு. ஒரு கோப்பிலே அந்நாட்டைப் படத்திற் காட்டும் நிறம், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண்களாக எழுதப்பட்டிருக்கும். அதே கோப்பில் அரசர்க்குரிய பெயர்கள், தளபதியரின் பெயர்கள், கப்பல்களின் பெயர்கள் ஆகியவை இருக்கும். வேறொரு கோப்பிலே தலைநகரம், சமயம், பண்பாடு, ஆட்சிமுறை என்பனவும், இன்ன திகதியில் இன்னார் அரசராயினர் என்ற குறிப்புக்களும் இருக்கும். ஒவ்வோர் அரசருக்கும் நிர்வாகம், இராசதந்திரம், படை என்ற மூன்றிலும் பூச்சியம் முதல் ஆறு வரை புள்ளி இடப்படும். கொடி ஒரு சிறு சதுரப் படம். மாகாணங்களுக்குத் தனித்தனிக் கோப்புக்கள்.

இவற்றை மாற்றி எழுதுவதையே ‘மொட்’ செய்தல் என்பர். மூலக்கோப்பைத் தொடாமல், அதே பெயருள்ள கோப்பொன்றைத் தனியான உறையில் எழுதி வைத்தால், ஆட்டம் மூலத்தை விடுத்து இதனை எடுத்துக்கொள்ளும். எனக்கென ஒரு யாழ்ப்பாண நாட்டுக்கோப்பை முதலெழுத்திலிருந்து நானே எழுதிப் பார்ப்பதென முடிவு செய்தேன். அப்பா சொல்வார், நான் எழுதுவேன்.

நிறத்திலே தொடங்கினோம். அது பத்து நிமிட வேலை. கொடிக்கு ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்களில் உள்ளவாறு படுத்திருக்கும் நந்தியையும் ‘சேது’ என்ற சொல்லையும் வைத்தோம். கொடி படமாதலின் அதிலே தமிழ் எழுத்தை வரைவதற்கு எத்தடையும் இருக்கவில்லை. பெயர்ப் பட்டியலுக்கு வந்தபோதுதான் முதலாவது சிக்கல் எழுந்தது.

யாழ்ப்பாணத்து மன்னர் அரியணை ஏறும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரு பட்டப்பெயர்களை ஒருவர் மாறி ஒருவராகப் புனைந்தனர் என்பது மரபு. தந்தை செகராசசேகரனாயின் மைந்தன் பரராசசேகரன். பேரன் மீண்டும் செகராசசேகரன். ஆட்டத்தின் கோப்போ பெயர்களைக் குலுக்கல் முறையிலே தெரிவு செய்வது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறை கொடுத்தால், நிறை கூடிய பெயர் அடிக்கடி விழும். ‘மாறி மாறி’ என்பதைச் சொல்ல அப்பட்டியலில் இடமில்லை. இரண்டு பெயர்களுக்கும் சமநிறை கொடுத்தேன். ஆட்டத்தில் மூன்று பரராசசேகரர் அடுத்தடுத்து வந்தனர்.

“லூயி மன்னர்மாரை வைச்சுச் செய்த பெட்டிக்குள்ள எங்கட ஆக்களை இருத்தப் பாக்கிறாய். கால் வெளியில நீட்டிக்கொண்டு நிக்கத்தான் செய்யும்” என்றார் அப்பா.

பண்டங்களின் விடயத்திலும் இவ்வாறே நேர்ந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு வணிகப்பண்டம் குறிக்கப்படல் வேண்டும். 1344இல் இலங்கைக்கு வந்த இபுனு பத்தூத்தா ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதையும், அம்மன்னனிடமிருந்த முத்துக்களைப் பற்றி எழுதியதையும் அப்பா சொன்னார். ஆட்டத்தின் பட்டியலில் முத்துக்குத் தனியிடம் இல்லை. மணிக்கற்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். யானை உண்டோவென்று கேட்டார். தந்தம் உண்டு என்றேன். அவர் சிரித்தார். இலங்கை யானைகளிற் கொம்பனைக் காண்பதே அரிது. இங்கிருந்து கப்பலேறியவை உயிருள்ள யானைகள். அவற்றைப் பிடித்துப் பழக்கவும், தீனி போட்டுக் கப்பலேற்றவும் ஒரு தொழிற்கூட்டமே இருந்தது. தந்தமென்று எழுதினால் அவ்வளவு பேரும் இல்லாமற் போய்விடுவர். இரண்டு சொற்களுக்குள்ள வேறுபாட்டிலே ஒரு நாட்டின் பொருளாதாரம் அடங்கியிருப்பதை எந்தப் பாடக்குறிப்பும் எனக்கு அவ்வளவு துலக்கமாகக் காட்டியதில்லை.

அடுத்தது புள்ளியிடுதல். கனகசூரிய சிங்கையாரியனுக்கு எத்தனை? 1450இல் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்புமகனான சப்புமல் குமாரயன், தமிழ் மரபு செண்பகப் பெருமாள் எனக் கூறும் அவன், யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற நாட்டை இழந்தவன். பின்னர் 1467இல் திரும்பி வந்து ஆட்சியை மீட்டவன். அப்பா விடைத்தாள் திருத்துபவரைப்போல் நெடுநேரம் யோசித்தார். படைக்கு ஒன்று என்றார். இராசதந்திரத்துக்கு நான்கு. “பதினேழு வருசம் பொறுத்திருந்து திரும்பி வாறதெண்டால் நாலு ஆக்கள் துணையில்லாமல் ஏலாது. நாலு குடு.” நிர்வாகத்துக்கு மூன்று. ஏன் மூன்று என்று கேட்டேன். “தெரியாத இடத்தில நடுவில போடுறதுதான் நேர்மை” என்றார்.

*

இவ்விடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கோப்பு நிறைவுற்றதும் ஆட்டத்தைத் தானே ஓடவிட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணம் சில வருடங்களுக்குள் அயல்நாட்டவரால் விழுங்கப்பட்டது. மீண்டும் ஓடவிட்டேன், மீண்டும் அதே முடிவு. மூன்றாம் முறை தோற்றபோது, அப்பா உறங்கிய பின்னர், கோப்பைத் திறந்து மன்னனுக்கு மூன்றிலும் ஆறு கொடுத்தேன். மாகாணத்தின் வரிவளம், உற்பத்தி, ஆள்வலு மூன்றையும் முப்பதாக்கினேன். ஒன்பது எழுத்துக்களைத் தட்டுவதற்கு அரை நிமிடமும் செல்லவில்லை. மறுநாட் காலையில் ஆட்டத்தில் 1490 பிறந்தபோது, நந்திக்கொடி காவிரிக்கரையிலே பறந்துகொண்டிருந்தது. எனக்கிருந்த மகிழ்ச்சியை மறைப்பானேன்? அப்பாவும் மகிழ்வார் என்றெண்ணிக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் முதலிற் கேட்டது, “புள்ளியை மாத்தினியோ?” என்பதே. ஓமென்றேன்.

“இது யாழ்ப்பாணமில்லைத் தம்பி. யாழ்ப்பாணம் எண்டு பேர் வைச்ச வேறையொரு நாடு.”

நான் வாளாவிருந்தேன். அவர் தொடர்ந்தார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. வகுப்பிலே பேசும் குரலிலேயே பேசினார். சின்ன நாடு சின்ன நாடாகத்தான் இருந்தது. அவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு, இரண்டு பெரிய அரசுகளின் நடுவில் அது எப்படி அத்தனை காலம் நின்றதென்பதுதான் சரித்திரம். அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறவனுக்கு அந்தக் கேள்வியே எழாது. தோற்றதை மாற்றி எழுதினால், தோற்றவர்கள் அனுபவித்ததையும் சேர்த்து அழித்தவனாவாய். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “கோட்டைக்கும் கோப்பு எழுதினியோ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். உள்ளபடியே அதை நான் எண்ணியும் பார்க்கவில்லை.

“எழுது. பராக்கிரமபாகு 1412இல இருந்து 1467 மட்டும் ஆண்டவன். ஐம்பத்தைஞ்சு வருசம். முழு இலங்கையையும் ஒரு குடைக்குக் கீழ கொண்டு வந்தவன். அவனுக்கு நிர்வாகம் ஆறு. செண்பகப் பெருமாளுக்குப் படை ஆறு. குறைக்கக் கூடாது.”

அவ்வாறே எழுதினோம். தேவேந்திரமுனையிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்த சப்புமல் குமாரயனுக்குக் குயிலைத் தூதனுப்புவதாகப் பாடப்பட்ட சிங்கள நூல் கோகில சந்தேசய என்பதையும், அக்குயில் பறந்துவரும் வழியிலுள்ள ஊர்களைப் பற்றியும் அன்று மாலை முழுவதும் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டையின் கோப்பு யாழ்ப்பாணத்தின் கோப்பிலும் நீண்டது.

*

தமிழ் எழுத்தின் கதையொன்றும் உண்டு. நாட்டின் பெயரையும் மன்னரின் பெயரையும் தமிழிலேயே திரையிற் காட்ட விரும்பினேன். பெயர்களைக் காட்டும் கோப்பிலே ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதி ஆட்டத்தைத் தொடங்கியபோது, திரையில் வினாக்குறிகளின் வரிசையொன்றே தோன்றிற்று. காரணம் பிற்பாடு விளங்கியது. அவ்வாட்டம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளுக்கென அமைந்தது. அதன் எழுத்துரு, எழுத்துக்களையெல்லாம் ஒரு படத்தாளிலே வரைந்து, ஒவ்வோர் எழுத்தும் அத்தாளில் எவ்விடத்திலுள்ளதென்று எண்ணாற் குறித்து வைக்கும் வகையைச் சேர்ந்தது. தமிழ் எழுத்துக்களையும் அவ்வாறு வரைந்துவிடலாமே எனின், அதனுடன் தீர்ந்துவிடாது. நம் எழுத்துமுறையில் ‘கெ’ என்பதன் கொம்பு கணனியின் நினைவிலே ககரத்துக்குப் பின்னர் சேமிக்கப்பட்டு, கண்ணுக்கு முன்னராகக் காட்டப்படல் வேண்டும். ‘கொ’ என்பதிலோ ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கும். இவ்வாறு இடம்மாற்றி அடுக்குவதற்கென ஒரு தனிப்பொறி தேவை. இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக எழுத்தை வைத்துக்கொண்டு போகும் ஆட்டத்தில் அது இல்லை. யாருடைய குற்றமும் அன்று இது. ஆக்கியோர் நம்மை நினைத்து ஆக்கவில்லை, அவ்வளவே.

ஆதலின் திரையில் ஆங்கில எழுத்துக்களே நின்றன. ழகரம் போயிற்று. அப்பா அதற்கு வருந்துவாரென நினைத்தேன். அவரோ, “நான் சொல்லுறதையெல்லாம் நீ எங்கை எழுதிக்கொண்டு வாறாய்?” என்றார்.

நாட்டுக்கோப்புக்களில் ஒரு வழக்கமுண்டு. ஒரு வரியின் தொடக்கத்தில் ‘ஹாஷ்’ எனப்படும் நான்கு கோட்டுக் குறியை இட்டால், அவ்வரியை ஆட்டம் வாசியாது கடந்துவிடும். எழுதுபவர் தமக்கெனக் குறிப்புக்கள் இட்டுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. அப்பா சொல்லும் காரணங்களை, ஏன் ஒன்று, ஏன் நான்கு, எந்த நூல் என்ன சொல்கிறது, எங்கே ஐயம் என்பனவற்றை, அக்குறியின் பின்னே தமிழிலேயே எழுதி வந்தேன். ஆட்டம் வாசிக்காத வரிகளில் தமிழுக்குத் தடையேதும் இல்லை. யாழ்ப்பாண வைபவமாலை ஒன்று சொல்ல, ஞானப்பிரகாசர் வேறொன்று சொல்ல, 1978இல் வெளிவந்த தமது நூலில் பேராசிரியர் பத்மநாதன் ஒன்று கூற, அவற்றுள் எதனை எக்காரணத்தாற் கொண்டோமென்பதெல்லாம் அங்கே உண்டு. ஆட்டத்துக்கு வேண்டியிருந்தவை நாற்பது வரிகள். அப்பாவின் குறிப்புக்கள் அறுநூறு வரிகளைத் தாண்டின.

அவ்வேளையில் அம்மாதான் எனக்கொன்றைச் சொன்னார். அரசர் வரிசையைப் பற்றி அப்பா இளவயதில் கொப்பி கொப்பியாகக் குறிப்பெழுதி வைத்திருந்தாராம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனங்களெல்லாம் ஒரே தெருவால் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, கைக்குழந்தையாயிருந்த அண்ணாவையும் ஒரு சீலைப்பொதியையும் தவிர வேறெதையும் எடுக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது, கொப்பிகள் இருக்கவில்லை. அதன் பின்னர் அவர் எதையும் எழுதியதில்லை. நான் அதற்குப் பிறகு பிறந்தவன். அப்பா எழுதிய மனிதர் என்பதே எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவர் சொல்லும் வேகத்துக்கு எழுதினேன். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு குறைந்து வந்தது. ஊரடங்கு நீங்கிப் பல்கலைக்கழகம் திறந்த பின்னரும் இரவுகளிலே தொலைபேசியில் அவர் சொல்ல நான் தட்டச்சிடுவது தொடர்ந்தது.

*

இப்போது அவருக்கு வலக்கண்ணிலே வெளிச்சம் மாத்திரமே தெரிகிறது. இடக்கண்ணில் முகமளவுக்கு ஒரு வட்டம் எஞ்சியிருக்கிறது. இடைமுகத்தை எத்தனை மடங்காக்கினும் இனிப் பயனில்லை. அவ்வாட்டத்தின் ஐந்தாம் ஆக்கம் 2025ஆம் ஆண்டு வெளிவந்துவிட்டது. அதிலே காலம் 1337இலிருந்து தொடங்குகிறது. நான்காவதற்கென நான் எழுதிய கோப்பை அது ஏற்காது. எனினும் அக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பாதலால் எந்தக் கணனியிலும் திறந்து வாசிக்கலாம், வாசிக்கவும்படுகிறது. விடுமுறைக்கு வீடு சென்றால், மாலைத் தேநீரின் பின் அதனைத் திறந்து, ஹாஷ் குறியுள்ள வரிகளை மாத்திரம் உரத்து வாசித்துக்கொண்டு போவேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இடையிடையே நிறுத்தித் திருத்துவார்.

சென்ற விடுமுறையில் கனகசூரியன் திரும்பி வந்த ஆண்டு வரை வாசித்திருந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

“1467 எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டம், என்ன? செண்பகப் பெருமாள் கோட்டைக்குப் போனதுதான் அந்த வருசம். கனகசூரியன் அடுத்த நாளே வந்து கதிரையில இருந்திருப்பானோ? பக்கத்தில ஒரு கேள்விக்குறி போட்டுவிடு.”

போட்டேன்.